ஒற்றைப் புளியங்கொட்டை

"இந்தத் தடவையும் புளியங்கொட்டைதான்வே."

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த ஜெபசீலன் உதட்டைப் பிதுக்கினார். வாசலில் காத்திருந்த கைலாசம் பண்டிதருக்கு முகம் தொங்கிப் போயிற்று.

ஐந்தாம் ஜார்ஜ் டில்லியில் முடிசூட்டிக்கொண்ட வருஷம் அது. காலேஜில் பாடம் சொல்லி ஓய்ந்தவர்கள் பாளையங்கோட்டையில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கூடுவார்கள். காப்பி, பிரசங்கம், கொஞ்சம் ஊர்வம்பு.

புது ஆளைச் சேர்க்க ரகசிய ஓட்டு உண்டு. அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு குடத்துக்குள் கையை விடுவார்கள். சம்மதமென்றால் சோழி, ஆட்சேபமென்றால் புளியங்கொட்டை. ஒரே ஒரு புளியங்கொட்டை விழுந்தாலும் ஆள் வெளியேதான்.

கைலாசத்துக்கு விழுந்ததும் அந்த ஒன்றே ஒன்றுதான். போன தடவையும் அப்படியே.

"யாருன்னு எனக்குத் தெரியும்வே!" என்று பொங்கினார் கைலாசம். "குற்றாலலிங்கம்தான். இங்கிலீஷ் வாத்தியார்லா! தமிழ்ப் பண்டிதன் பக்கத்துல இருந்தா அவரு கௌரவம் என்னத்துக்கு ஆகும்?"

"விடும்வே. பைய பாப்போம்" என்றார் ஜெபசீலன். கணக்கு வாத்தியாராக இருந்தவர். இரண்டு தடவையும் சங்கத்தில் சேர்க்கக் கைலாசத்தின் பெயரைச் சொன்னவரே அவர்தான்.

அந்தக் காலத்தில் தமிழ்ப் பண்டிதர் என்றால் சம்பளமும் மட்டம், நாற்காலியும் கடைசி. ஓய்ந்த பிறகாவது மற்றவர்களோடு சரிசமமாக உட்கார வேண்டும். கைலாசத்துக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அன்று முதல் குற்றாலலிங்கம் எதிரே வந்தால், கைலாசம் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

குற்றாலத்தில் சாரல் விழுந்து, ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த சமயம் மறுபடியும் ஓட்டு. கைலாசத்துக்கு வாசலில் இருப்புக்கொள்ளவில்லை.

"உள்ள வாரும்வே! அத்தனையும் சோழி!"

ஜெபசீலன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மாலை போட்டார்கள். முன்வரிசையில் நாற்காலி. கைலாசம் அதில் நன்றாகச் சாய்ந்துகூட உட்காரவில்லை, குற்றாலலிங்கம் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. புதுசாச் சேருதவரு அன்னைக்கே எந்திரிச்சு ஒரு பிரசங்கம் பண்ணணும். அதுவும் இங்கிலீஷ்ல."

கைலாசத்துக்குத் தெரிந்த இங்கிலீஷ், ரயில்வே டேசனோடு சரி. வேட்டியெல்லாம் வியர்வையில் நனைந்தது. கெடுக்க முடியாமல் போனதால் உள்ளே விட்டு மானத்தை வாங்குகிறான், படுபாவி! இத்தனை பேர் முன்னால் பேந்தப் பேந்த விழிப்பதற்கா இவ்வளவு ஆசைப்பட்டோம்?

குற்றாலலிங்கம் இன்னும் உட்காரவில்லை.

"அந்த விதியைப் போன கூட்டத்துல அடிச்சாச்சு. ஜெபசீலன் ரொம்ப நாளா ஒத்தக்கால்ல நின்னாரு, நாங்கதான் பிடிகொடுக்கல. இனிமே அவங்கவங்க பாஷையிலயே பேசலாம். பண்டிதரே, எந்திரியும். உம்ம தமிழைக் கேக்கத்தான் எல்லாரும் காத்திருக்கோம்."

போன உயிர் கைலாசத்துக்குத் திரும்பி வந்தது. எழுந்தார். பேசினார் என்பதைவிட மழையாகக் கொட்டினார் என்பதே பொருத்தம். முடித்தபோது கைதட்டல் அடங்கவே இல்லை. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது குற்றாலலிங்கம்.

இருட்டுவதற்குள் வீடு சேரலாம் என்று இரண்டு நண்பர்களும் ஆற்றுப்பாலத்தில் நடந்தார்கள். மாலையைக் கழற்ற மனசில்லாமல் அப்படியே வந்தார் கைலாசம். நெஞ்சு லேசாகியிருந்தது.

"குற்றாலலிங்கத்தைத் தப்பா நெனச்சுட்டேன்வே. தங்கமான மனுசன். நாளைக்கே போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வரணும்."

"பேசும், பேசும்."

"அப்பம் ரெண்டு தடவையும் புளியங்கொட்டையைப் போட்டது எந்தப் பயவே? அந்தக் கை மட்டும் எங்கண்ணுல பட்டுச்சு..."

ஜெபசீலன் நின்றார். தம் வலது கையைக் கைலாசத்தின் முன்னால் நீட்டினார்.

"இந்தாரும், இதுதான் அந்தக் கை. உம்ம பேரைச் சொல்லமாட்டேன்னா ஏன்னு கேப்பீரு. உமக்கு இங்கிலீஷ் வராதேன்னு உம்ம மூஞ்சிக்கு நேரா நான் எப்படிவே சொல்லுவேன்?"