யாருமற்றவர்களின் சாயல்

அந்த முதியோர் இல்லத்துக்குள் யாரும் யாருக்கும் உறவினர் அல்லர். இவ்விதி எங்கும் எழுதப்படவில்லை; நாதியற்றோரின் பராமரிப்புக்கு மட்டுமே அரசு பணம் தரும் என்பதால், சொல்லாமலே எல்லோரும் அதற்குக் கீழ்ப்படிந்தனர். மகன்களும் மகள்களும் நன்கொடையாளர்கள் என்ற பெயரில் ரொட்டிப் பொட்டலங்களோடு வந்து நிற்பார்கள். கட்டிலில் கிடக்கும் முகமும் அருகில் நிற்கும் முகமும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கும். செவிலியர் எவரும் அதைக் கண்டுகொள்வதில்லை. தணிகாசலமும் அப்படித்தான் தன் தாய் செங்கமலத்திடம் வந்துகொண்டிருந்தான். தொடக்கத்தில், ரொட்டியை வாங்கும்போது அவள் அவனுடைய சுண்டுவிரலை ரகசியமாக அழுத்துவாள். சில மாதங்களாக அந்த அழுத்தம் இல்லை. நடிப்பில் தேர்ந்துவிட்டாளா, நடிப்பே அவளை விழுங்கிவிட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்று ஆய்வுக்கு வந்த அதிகாரி அவள் கட்டிலருகே நின்றார்.

"சொந்தம்னு யாராவது இருக்காங்களாம்மா?"

"யாருமில்லீங்க. வயித்துல ஒரு புழு பூச்சிகூடத் தங்கல."

"இவரு?"

"ரொட்டி குடுக்குற தம்பி. பாவம், யாரு பெத்த புள்ளையோ."

அவனைப் பார்த்து அவள் சிரித்தாள். அந்நியர்களுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு அது. மற்றக் கட்டில்களில் முகங்கள் ஒருசேரச் சுவர்ப்பக்கம் திரும்பின. அவன் உதடு அசைவதைக் கண்ட செவிலி நெருங்கிவந்து முணுமுணுத்தாள்: "கம்முனு இருப்பா. படுக்கை போச்சுன்னா இவங்கள எங்க வெச்சுப் பாப்ப?"

"எங்கம்மா சார்," என்றான் தணிகாசலம், அறை முழுவதும் கேட்கும்படி. "நான் இவங்க பெத்த புள்ள."