மஞ்சள் பொட்டு

கிழிந்தகாதும் குட்டைவாலும் ஒரே கூண்டில் இருந்த வெள்ளெலிகள். நேற்றிலிருந்து இரண்டுக்கும் தீனி இல்லை.

ஆய்வுக்கூடத்து அம்மா கிழிந்தகாதின் தலையில் மட்டும் மஞ்சள் சாயத்தால் பொட்டு வைத்தாள். "பொட்டு வெச்சதுக்குப் புது மருந்து. இன்னொண்ணுக்கு வெறும் தண்ணி. அப்புறம் ரெண்டுக்கும் சாராயம் குடுத்து, எதுக்கு வயிறு புண்ணாகுதுன்னு பாக்கலாம்" என்று கூட இருந்தவரிடம் சொல்லிவிட்டு, மருந்தை எடுக்கப் போனாள்.

குட்டைவாலுக்குப் பகீரென்றது. பொட்டையே பார்த்தது. சாயம் இன்னும் காயவில்லை.

ஒரே பாய்ச்சல். கிழிந்தகாதைக் கீழே தள்ளி, தலையோடு தலையைத் தேய்த்தது. பொட்டு குட்டைவாலின் தலைக்கு மாறியது. கிழிந்தகாதின் தலையில் மிச்சமிருந்த மஞ்சளையும் நக்கி எடுத்தது.

"டேய், நாம ஒரே வயித்துல பொறந்தவங்கடா!"

"அதனாலதான் இவ்வளவு நேரம் யோசிச்சேன்."

மருந்து குட்டைவாலுக்குப் போயிற்று. தண்ணீர் கிழிந்தகாதுக்கு. பிறகு இரண்டின் தொண்டையிலும் சாராயம் இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் கிழிந்தகாது சுருண்டு துடித்தது. குட்டைவால் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. வயிற்றில் ஒரு எரிச்சலும் இல்லை. 'தப்பிச்சேன்' என்று மீசையை நீவிக்கொண்டது.

கூண்டின் கதவு திறந்தது.

"எதை முதல்ல அறுக்கலாம் மேடம்?"

"ரெண்டையும் அறுக்கத்தான் போறோம். மருந்து கேட்டுச்சான்னு வயித்தைத் திறந்தாத்தானே தெரியும்? பொட்டு வெச்சதை முதல்ல எடுங்க."

குட்டைவால் மூலைக்கு ஓடி, கம்பியில் தலையைப் பரபரவென்று தேய்த்தது.

சாயம் நன்றாகக் காய்ந்திருந்தது.