வெளிச்சம் புகாத கேமரா

அந்தப் பிளாஸ்டிக் கேமராவை எடைக்குப் போட்டால் ஒரு பேரீச்சம்பழம்கூடத் தேறாது. ஆனால் தையல்காரருக்கு அன்று முழுக்க அதுதான் வேலை.

கேமரா அவர் மனைவியுடையது. ஓட்டை வழியே வெளிச்சம் கசிந்து, எடுக்கிற படத்திலெல்லாம் சிவப்புக் கோடு விழுகிறதென்று முன்பு ஓயாமல் புலம்புவாள். மகள் இறந்த இந்த ஆறு மாதமாய் அதைத் தொடவே இல்லை. சரிசெய்து கொடுத்தால் மறுபடி படமெடுப்பாள், கொஞ்சம் மனம் தேறுவாள் என்று கணக்குப் போட்டார்.

கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, கேமராவுக்குள் டார்ச்சை வைத்துப் பார்த்தார். மூடியின் ஓரமெல்லாம் வெளிச்சம் பல்லிளித்தது. கிழிசல் தைக்கிற கைக்கு இது எம்மாத்திரம்! கறுப்பு வெல்வெட்டை நாடாவாய் வெட்டி, இண்டு இடுக்கெல்லாம் ஒட்டினார்.

மனைவி வேலைவிட்டு வந்ததும் பெருமையோடு நீட்டினார்.

"இனி இதுக்குள்ள வெளிச்சம் புகணும்னா என்கிட்ட சீட்டு வாங்கிட்டுத்தான் புகணும். புது பிலிம் ரோலும் போட்டிருக்கேன்."

"உள்ள இருந்த ரோல் எங்கங்க?"

"அதுவா? வெயில்ல நல்லா இழுத்துப் பிடிச்சுப் பார்த்தேன். பழைய நெகட்டிவ்ல தெரியுற மாதிரி ஒண்ணுமே தெரியலை. நீ படம் எடுத்த லட்சணம் அப்படி! தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அது இன்னும் கழுவாத ரோலுங்க. வெயில் பட்டா எல்லாம் அழிஞ்சிடும்."

"அப்படி என்னத்தை எடுத்து வச்சிருந்தே?"

"பாப்பாவைத்தான். கழுவிட்டா, அவளைப் புதுசா பார்க்க ஒண்ணுமே மிச்சம் இருக்காதேன்னு விட்டு வச்சிருந்தேன்."