நீங்க மட்டும்

சரியாக நான்கு பத்துக்கு விசில் ஒலித்தது. நீச்சல் போட்டி தொடங்கியது.

“உட்காருங்க, மறைக்குது,” என்றாள் அவள், பக்கத்து இருக்கைக்காரரிடம்.

“நீங்க மட்டும் நாற்காலி மேல ஏறி நிக்கலாமா?”

“என் பொண்ணு நீந்துறா, சார்.”

“என் பொண்ணும்தாங்க.”

மூன்றாவது தடத்துச் சிறுமி முதலில் சுவரைத் தொட்டாள்.

அவர் துள்ளினார். “பாத்தியாடி, நம்ம பொண்ணு!”

சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

‘வாடி, போடா’வில் மூண்ட சண்டைகள் விவாகரத்தில் முடிந்தபோது, இருவரும் ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். இனி ‘நீங்க’ மட்டும்தான். மீறியவர் மகளின் அடுத்த போட்டிக்கு வரக்கூடாது. அடுத்தது இறுதிப் போட்டி.

மகள் தண்ணீரில் நின்றபடி இருவருக்கும் சேர்த்துக் கையசைத்தாள்.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கம் திரும்பினாள்.

“ஒரே சத்தம், காதுலயே விழலை. என்ன சொன்னீங்க?”