வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே

போன மாதம் விண்கல் எரிந்து விழுந்ததைப் பார்த்தவர்களிடம் கேட்டு எழுதுகிற பெண், ஜன்னலோரம் நின்று ஸ்டாப்வாட்சை அழுத்துகிறாள். எவ்வளவு தூரத்தில் வெடித்தது என்று கணக்கிட, வெளிச்சத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவே எத்தனை விநாடி என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை. அன்று செய்ததை அப்படியே செய்துகாட்டச் சொல்வதுதான் முறை. அன்று இதே ஜன்னலில் அதைப் பார்த்த அந்த வீட்டு அம்மா, மடித்துக்கொண்டிருந்த துண்டோடு திரும்புகிறார். "என்னங்க, ஓடி வாங்க, வானம் பச்சையா எரியுது!" காலி நாற்காலியில் வெயில் கிடக்கிறது. கணவர் தவறி ஒரு வாரம்தான் ஆகிறது. "'உனக்கு எல்லாமே அதிசயம்தான்டி'ன்னு சிரிச்சுக்கிட்டே எழுந்தாரு. முட்டிவலி, மெதுவாத்தான் வருவாரு." நாற்காலியிலிருந்து ஜன்னல்வரை அவரைக் கண்ணாலேயே நடத்திக் கூட்டிவருகிறார், பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்து நிற்கிறார். "சத்தம் இப்போ கேட்டுச்சாம்மா?" "இரும்மா, அவரு இன்னும் வந்து சேரல." ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது, இந்தக் கணக்கு எதற்கும் உதவாது. ஸ்டாப்வாட்சை நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை.