வீட்டுக்கு ஒரு பேச்சு

பெரியவளுடைய ஒரே கோட்டை வேண்டுமென்றே வாஷிங் மெஷினுக்குள் திணித்துச் சுவிட்சைத் தட்டிவிட்டாள் சின்னவள்.

வெளியே எலும்பைக் குத்துகிற குளிர். கோட்டில்லாமல் தெருவில் கால் வைக்க முடியாது. அது காய்வதற்குள் கூட்டம் முடிந்துவிடும். கணக்கு அவ்வளவுதான்.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு வந்த ஓரகத்திகள் இருவரும். மாடியில் குடித்தனம், கீழே சலவைக் கடை. இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் தவிர வேறு எதற்கும் அவர்களுக்குள் மனஸ்தாபம் வந்ததில்லை. இப்போது கடல் தாண்டி நடக்கிற, ஊரில் எவருக்கும் பிடிக்காத ஒரு சண்டை வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

பெரியவளின் மகன் அங்கே இருக்கிறான். ஆள் பற்றவில்லை, கண்ணை மூட முடியவில்லை என்று போனில் புலம்புகிறான். படையை வாபஸ் வாங்கினால் அவன் பிரிவுதான் கடைசியாகக் கிளம்புமாம். எல்லோரும் போனபின் மிச்சம் நிற்கிற நாலு பேரைத்தான் எதிரி குறிவைப்பானாம். அதைக் கேட்டதிலிருந்து பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டி.வி.யில் யார் பேசினாலும், "இன்னும் ஆளை அனுப்புங்களேன்டா" என்பாள்.

அனுப்பினால் முதலில் போகப்போவது சின்னவளின் மகன். பயிற்சி முடித்துவிட்டு, கூப்பிட்டால் போக வேண்டிய வரிசையில் நிற்கிறான். துணி மடிக்கிறபோதெல்லாம் சின்னவளுக்குள் ஒரே கேள்வி: இவள் பிள்ளை நிம்மதியாகத் தூங்க என் பிள்ளை என்ன தலையணையா?

தொகுதி எம்.பி. மதில்மேல் பூனை. மறுநாள் சபையில் ஓட்டெடுப்பு, ஒரு ஓட்டில் இழுபறி. பிள்ளையைப் போருக்கு அனுப்பியவர்கள் சொல்கிறபடி கை தூக்குகிறேன், வீட்டுக்கு ஒருவர் வந்து பேசுங்கள் என்று கூட்டம் போட்டிருந்தார். சின்னவளின் மகன் இன்னும் போகவில்லை. அதனால் இந்த வீட்டுக்கான பேச்சு பெரியவளுடையது.

"என் கோட்டு எங்கடி?"

"அழுக்கா இருந்துச்சுக்கா. துவைக்கப் போட்டுட்டேன்."

பெரியவள் மெஷினைப் பார்த்தாள். சின்னவளைப் பார்த்தாள். கடைக்குள் போய், டெலிவரிக்குத் தொங்கிய ஒரு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வாடிக்கையாளர் துணியைத் தோளில்கூடப் போட்டுப் பார்க்கக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். சட்டம் போட்டவளே பெரியவள்தான். அதையே மீறுகிறாள் என்றால் முடிவோடுதான் போகிறாள். சின்னவளுக்கு உயிர் பாதி போய்விட்டது. மிச்சப் பாதியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

கூட்டத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அதிகப்படுத்து என்றது பாதி, திரும்பக் கூப்பிடு என்றது பாதி. எம்.பி. எல்லோருக்கும் தலையாட்டினார். ஆட்டத் தலை இருந்தது, அனுப்பப் பிள்ளை இல்லை.

கடைசி ஆள் பெரியவள். எந்தப் பக்கம் சொல்கிறாளோ, அந்தப் பக்கம் தராசு இறங்கும்.

மைக்கை வாங்கினாள். "இன்னும் ஆள் வரலேன்னா என் பையன் தாங்க மாட்டான்" என்றாள்.

போச்சு. சின்னவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மகன் பெட்டி கட்டுவது மூடிய கண்ணுக்குள் தெரிந்தது.

"வாபஸ் வாங்கினா அவன்தான் கடைசியா வருவான். வராமலும் போகலாம். தெரிஞ்சுதான் சொல்றேன்." பெரியவள் மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். "யாரையும் அனுப்ப வேணாம். இருக்கறவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க."

சின்னவளுக்குக் கேட்டது சரிதானா என்றே புரியவில்லை. புரிந்ததும் முந்திக்கொண்டு வந்தது அழுகைதான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

எம்.பி.க்கும் குழப்பம். "உங்களுக்கு ஒரே பையன்னு சொன்னாங்களேம்மா. அவன் உயிருக்கே ஆபத்துங்கறீங்க. அப்புறம் எப்படி...?"

"யார் சொன்னா ஒரே பையன்னு? எனக்கு ரெண்டு பேரு" என்றாள் பெரியவள். "மூத்தவன் அங்க இருக்கான். இளையவன், அதோ உட்கார்ந்து அழறா பாருங்க, அவ வயித்துல பொறந்தவன்."