சும்மா உட்கார்ந்திருந்தவர்

மனைவி காருக்கு அடியில் கிடந்தாள். கணவன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்த வீட்டுக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீழ் வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த லட்சணமா?

"ஏங்க, இது அசையவே மாட்டேங்குது!" காருக்கடியிலிருந்து குரல் வந்தது.

"அப்படியா?" என்றவன், இன்னொரு மடக்கு குடித்தான்.

அவ்வளவுதான். வீட்டுக்காரம்மா விறுவிறுவென்று படியிறங்கி வந்துவிட்டாள்.

"ஏன் தம்பி, அந்தப் பொண்ணு அழுக்குல புரளுது. நீ புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"முதுகு பிடிச்சுக்கிச்சுக்கா. குனிய முடியல."

"காலையில பீரோவைத் தனியாளா நகர்த்தினியே, சத்தம் மாடி வரைக்கும் கேட்டுச்சே!"

"அதுலதான்க்கா பிடிச்சுக்கிச்சு."

இவனிடம் பேசிப் பயனில்லை என்று அவள் காருக்கடியில் குனிந்தாள். "வண்டிக்கு என்னம்மா ஆச்சு?"

"ஆயில் பிரஷர் சென்சார்க்கா. அதுலேருந்து ஆயில் கசியுது. பழைய வண்டி இல்லையா? போன மாசம் நான் ஓட்டிட்டுப் போகும்போது திடீர்னு சிவப்பு விளக்கு எரிஞ்சுடுச்சு. ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு. உயிரே போயிடுச்சு."

"இப்போ என்ன அவசரம்?"

"நர்ஸ் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. படுத்த படுக்கையா இருக்கறவங்களை வீடு வீடாப் போய்ப் பார்க்கணும். எல்லாம் ஊருக்கு வெளியே. நாளைக்கே வரச் சொல்றாங்க. போறதா வேண்டாமான்னே தெரியல."

வீட்டுக்காரம்மா திரும்பி அவனை முறைத்தாள். அவன் வானத்தைப் பார்த்தான்.

"டார்ச்சைக் குடு. நான் பிடிக்கிறேன். நீ திருகும்மா."

ஸ்பேனர் ஒருமுறை வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. "அய்யோ!" என்று அந்தப் பெண் கையை உதறினாள். அவன் சட்டென்று எழுந்தான். ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திரிக்க மட்டும் முடியுது போல!" என்றாள் வீட்டுக்காரம்மா.

இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அழுத்து. 'டக்' என்று சத்தம். சென்சார் கழன்றது. கூடவே கறுப்பு ஆயில் ஒழுகி வீட்டுக்காரம்மாவின் புறங்கையெல்லாம் வழிந்தது. ஒரு கணம் இருவரும் திகைத்தார்கள். அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள், கார் குலுங்கியது.

"புதுசை முதல்ல வெறும் கையாலயே திருகு," ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. "தடங்கல் இல்லாம உள்ளே போகணும். அப்புறம் ஸ்பேனர் போட்டா போதும். ரொம்ப முறுக்கிடாதே."

"வாய்க்கு மட்டும் முதுகு வலி இல்லை!" என்றாள் வீட்டுக்காரம்மா.

புது சென்சார் உட்கார்ந்தது. வயரை மாட்டியாயிற்று. குறைந்திருந்த ஆயிலையும் ஊற்றியாயிற்று. இனி ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டியதுதான். அவள் கதவருகே தயங்கி நின்றாள்.

"நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்களேன்," என்றாள் கணவனிடம்.

அவன் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரம்மா முந்திக்கொண்டாள். "அவன் எதுக்கு? மாத்தினது நீ. ஏறி உட்காரு!"

அவள் ஏறினாள். மூச்சை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தாள். எஞ்சின் உறுமியது. சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்கள்.

"ஒரு சொட்டு இல்லக்கா! காஞ்சு கிடக்கு!"

ஆயில் கையோடு இருவரும் கட்டிக்கொண்டார்கள்.

"இவ்வளவுதானே? யாரோட தயவாவது வேண்டியிருந்துச்சா?" என்று வீட்டுக்காரம்மா அவன் காதில் விழும்படியாகவே கேட்டாள்.

அவன் எழுந்து நின்று கைதட்டினான். அதற்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

மறுநாள் காலை, பிரேக் கிறீச்சிட்ட தன் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரம்மா பக்கத்துத் தெரு ஒர்க் ஷாப்புக்குப் போனாள்.

"கொஞ்சம் உட்காருங்கம்மா," என்றார் முதலாளி. "எங்க பெரிய மெக்கானிக் ஒரு தடவை பார்த்துடட்டும். கைராசிக்காரர். ரோட்டுல யாரோட வண்டி நின்னாலும் இறங்கிக் கை வெச்சுடுவார். சும்மா இருக்கவே தெரியாத மனுஷன்."

ஒரு காருக்கு அடியிலிருந்து அந்தப் பெரிய மெக்கானிக் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டுக்காரம்மா எழுந்தே விட்டாள். "தம்பி! நீயா? அப்போ உன் முதுகு?"

"அதுக்கு ஒண்ணும் இல்லக்கா." அவன் அசடு வழிந்தான்.

"நேத்து அந்த வேலையை நீ பண்ணியிருந்தா?"

"பத்து நிமிஷம்."

"அடப் பாவி! அதுக்கா அந்தப் பொண்ணை அவ்வளவு நேரம் தரையில உருளவிட்டே?"

அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"போன மாசம் அந்த விளக்கு எரிஞ்ச அன்னைக்கு, இனிமே ஸ்டியரிங்கையே தொடமாட்டேன்னு அழுதுட்டாக்கா. வேலையும் வேண்டாம்னா. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கல."

கரி பூசிய முகத்தில் பற்கள் பளிச்சென்று தெரிய அவன் சிரித்தான்.

"இன்னைக்குக் காலையில, அவளே சாவியைக் கேட்டு வாங்கிட்டுப் போனா."